கார்ட் டவுனியின் கடைசி மேடை

கேள்வி: பாடகர் கார்ட் டவுனி இறந்தபோது கனடாப் பிரதமரே தொலைக்காட்சியில் அழுதாராமே? கனடாவுக்கு வெளியே அதிகம் தெரியாத ஒருவர் மேல் அப்படி என்ன பாசம்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உண்மைதான். 2017 அக்டோபரில் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அழுததை நானும் பார்த்தேன். ஆனால் எனக்கு அழுகை வந்தது அதற்கு 14 மாதம் முன்பே.

2016 ஆகஸ்ட் 20, கனடாவின் கிங்ஸ்டன் நகரம். டவுனி பாடிய 'தி ட்ராஜிக்கலி ஹிப்' குழு 1984-ல் தொடங்கிய ஊர். அவருக்கு மூளையில் குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று மே மாதம்தான் அறிவித்திருந்தார்கள். அதோடு ஊர் ஊராகப் போய்ப் பாடி, கடைசியாக அங்கே வந்திருந்தார். நினைவு தப்பிக்கொண்டிருந்ததால், தானே எழுதிய வரிகளை மேடையில் இருந்த திரைகளைப் பார்த்துப் பாடவேண்டிய நிலை. கனடாவின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி விளம்பரமே இல்லாமல் நேரலையில் காட்டியது. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள். ஏறக்குறைய நாட்டில் மூன்றில் ஒருவர். நான் டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், பக்கத்து வீட்டுக்காரரின் பேஸ்மென்டில் பார்த்தேன். அந்த மனிதர் எல்லாப் பாட்டையும் கூடவே பாடினார், கண்ணைத் துடைக்கவே இல்லை.

டவுனியின் பாட்டில் அந்த நாட்டின் ஊர்களும் ஆட்களும் வருவார்கள். 1951-ல் டொரொன்டோ ஹாக்கி அணிக்குக் கோப்பையை வென்று தந்த கோலை அடித்துவிட்டு, அதே கோடையில் விமானத்தோடு காணாமல் போன பில் பரில்கோ. செய்யாத கொலைக்கு 23 ஆண்டு சிறையில் கிடந்த டேவிட் மில்கார்ட். இருவருமே குழுவின் 1992 ஆல்பத்தில் இருக்கிறார்கள்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். ட்ரூடோவும் அரங்கில் இருந்தார். சாகப்போகிற மனிதர் தன்னைப் பற்றிப் பேசியிருக்கலாம். டவுனி பிரதமரைப் பார்த்து, வடக்கே வாழும் பழங்குடி மக்களைப் பற்றிப் பேசினார். அவர்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கவே நம்மை ஆயுசு முழுக்கப் பழக்கிவிட்டார்கள் என்றார்.

இரண்டு மாதம் கழித்து டவுனியின் 'சீக்ரெட் பாத்' ஆல்பம் வெளிவந்தது. சானி வென்ஜாக் என்ற 12 வயது ஒஜிப்வே பழங்குடிச் சிறுவனைப் பற்றிய 10 பாட்டு. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து, 1966 அக்டோபரில் அவன் தப்பி வீட்டுக்கு நடந்தான். வீடு 600 கிலோமீட்டருக்கு அப்பால். மெல்லிய சட்டை, சின்னக் கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகள், அவ்வளவுதான். குளிரில் ரயில் பாதையோரம் இறந்து கிடந்தான். டவுனி பிறந்ததே 1964-ல். பிறகு அண்ணன் மைக் சொல்லித்தான் இந்தக் கதையை அறிந்தார். கையில் இருந்த கொஞ்ச நாளையும் அந்தப் பையனுக்கே கொடுத்தார். எனக்கு அவர் மேல் உள்ள பாசத்துக்குக் காரணம் அதுதான்.

2016 டிசம்பரில் பழங்குடித் தலைவர்கள் அவருக்குப் போர்வை போர்த்தி, 'விண்மீன்களிடையே நடப்பவர்' என்ற பொருளில் லக்கோட்டா என்ற பழங்குடி மொழியில் ஒரு பெயர் சூட்டினார்கள். அடுத்த அக்டோபர் 17-ல் இறந்தார். வயது 53.

கேட்கத் தொடங்குவதென்றால் சானியின் பத்துப் பாட்டிலிருந்து தொடங்குங்கள், அம்மா.