வயதான பூனைக்குச் சிறுநீரக நோய்: இங்கிலாந்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தம்பி, லெஸ்டருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, காப்பகத்திலிருந்து எடுத்து வந்த 13 வயதுப் பூனைக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை என்று டாக்டர் சொல்லிவிட்டார், இன்சூரன்ஸ் எடுக்கவில்லை, தீபாவளிக்கு மூன்று வாரம் ஊருக்கு வேறு போக வேண்டும், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பயப்படாதீர்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) லிட்டருக்கு 140 முதல் 250 மைக்ரோமோல் வரை இருந்தால் இரண்டாம் நிலை என்பார்கள். எங்கள் பூனை கரிச்சானுக்கும் அதே நிலையில்தான் தெரிந்தது, அப்போது அவனுக்கு 14 வயது. 17 வயது தாண்டும்வரை எங்களோடு இருந்தான். சிறுநீரகத்தில் கெட்டுப்போன பகுதி திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை, அது பெரும்பாலும் வீட்டில் நடக்கிற வேலை.

அதில் பாதி சாப்பாடு. சிறுநீரக உணவு என்று தனியாக விற்கிறார்களே, அதில் பாஸ்பரஸ் குறைவு. நோய் வேகமாக முற்றாமல் தடுப்பது முக்கியமாக அதுதான். ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். நான் அப்படி மாற்றினேன். கரிச்சான் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, முன்காலால் தரையைச் சுரண்டி மூடுவதுபோல் செய்துவிட்டுப் போனான். மறுநாளும் வாய் வைக்கவில்லை. பூனை ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே கல்லீரலுக்கு ஆபத்து, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பழைய உணவில் ஒரு ஸ்பூன் புதியது என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். குமட்டல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து கேளுங்கள். சாப்பிட மாட்டேன் என்கிறதே என்று நெத்திலிக் கருவாட்டைக் காட்டிப் பழக்காதீர்கள், உப்பும் பாஸ்பரஸும் அதில் ஏராளம். வெங்காயம், பூண்டு பட்ட எதுவும் பூனைக்கு விஷம், ஆகவே ரசம் சாதம் வேண்டவே வேண்டாம்.

இந்த நோயில் பூனை நிறையத் தண்ணீர் குடித்து நிறைய மூத்திரம் போகும். கழிப்பெட்டி மண்ணை நனைக்கிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். குடிப்பதை நிறுத்தினால் உடம்பு வறண்டுவிடும். வீட்டில் நாலு இடத்தில் அகலமான கிண்ணங்களில் வையுங்கள், ஈர உணவிலும் கொஞ்சம் கலந்து கொடுங்கள்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்க்கிற தராசு உங்களிடமும் இருக்குமே, அதுவே போதும். பூனையைக் கூடையோடு தூக்கிப் பார்த்து, கூடையின் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் அடுத்த ரத்தப் பரிசோதனைவரை காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோயில் அது ஏறும், கவனிக்காமல் விட்டால் பூனைக்குத் திடீரென்று பார்வையே போய்விடும். அம்லோடிபின் போன்ற மாத்திரையில் கட்டுப்படுத்தலாம்.

அப்புறம் செலவு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இனி எடுக்கிற இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. பி.டி.எஸ்.ஏ. போன்ற தொண்டு மருத்துவமனைகளும் பெரும்பாலும் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குத்தான், வேலை விசாவில் இருக்கிற நமக்கு அது கிடைப்பது அரிது. ஆனால் மருந்தை டாக்டரிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுத்தில் மருந்துச் சீட்டு கேட்டால் கொடுத்தாக வேண்டும். சிறிய கட்டணம் வாங்குவார்கள். பதிவுபெற்ற ஆன்லைன் மருந்துக்கடையில் பல மருந்துகள் டாக்டரிடம் வாங்குவதைவிட விலை குறைவு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு வருடம் முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தேன். மனிதர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க மட்டும் நினைக்காதீர்கள். ஒரு பாராசிட்டமால் போதும், பூனை செத்துவிடும்.

இன்னொன்று, வீட்டுக்கு வருகிறவர்கள் பூங்கொத்து கொண்டுவந்தால் லில்லி இருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். இங்கே சூப்பர்மார்க்கெட் கொத்துகளில் அது சாதாரணமாக இருக்கும். மகரந்தத்தை நக்கினாலே நல்ல சிறுநீரகமும் போய்விடும்.

நோய் முற்றினால் தோலுக்கடியில் சலைன் (உப்புநீர்) ஏற்றச் சொல்வார்கள், நர்ஸ் கற்றுக் கொடுப்பார். நாங்கள் பையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைப்போம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியைச் செருகினால், ஐந்து நிமிடத்தில் 100 மில்லி இறங்கிவிடும். முதுகில் எலுமிச்சை அளவு வீக்கம் வரும், பிறகு சரிந்து முன்கால் பக்கம் இறங்கும், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். முதல் தடவை என் கை நடுங்கியது. கரிச்சான் பேசாமல் துண்டின் மேல் படுத்திருந்தான்.

ஊர்ப் பயணத்துக்கு உங்கள் பூனையைக் கூட்டிப்போக வேண்டாம், அவ்வளவு தூரம் தாங்காது. உங்கள் கிளினிக்கிலேயே கேளுங்கள்; கால்நடை நர்ஸ் சிலர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வார்கள், பூனை விடுதிகள் சிலவும் மாத்திரை கொடுக்கும். தீபாவளி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆகஸ்டிலேயே பேசி வையுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறவர் என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவரை ஒரு நாள் வரச்சொல்லி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் கையால் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள்.