டிரம்ஸ் கேள்வி–பதில்: போனில் எடுத்தால் என் ஸ்னேர் தகர டப்பா மாதிரி கேட்கிறதே!

கேள்வி: வீட்டில் டிரம்ஸ் பயிற்சி செய்வதைப் போனில் வீடியோ எடுக்கிறேன். நேரில் நன்றாக இருக்கும் சத்தம் பதிவில் கரகரவென்று, தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது. புது மைக் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: உடனே வாங்காதீர்கள். உங்கள் போன் பேச்சுக் குரலுக்காகச் செய்தது. பக்கத்தில் வைத்து ஸ்னேரை (உங்கள் முன்னாலிருக்கும், கம்பி அதிரும் சின்ன டிரம்) ஓங்கி அடித்தால் 100 டெசிபலுக்கு மேல் போகும், போன் திணறிவிடும். அலையின் உச்சி வெட்டுப்படுவதைத்தான் நீங்கள் கரகரப்பாகக் கேட்கிறீர்கள், பிறகு எடிட்டிங்கில் வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்ப வராது. இன்னொரு தொல்லையும் உண்டு: போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் நீங்கள் மெதுவாக அடித்த கோஸ்ட் நோட்டும் ஓங்கி அடித்த அடியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வரும். பயிற்சிக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

முதலில் போனைத் தள்ளி வையுங்கள். அறையின் மறு கோடியில், முடிந்தால் பாதி திறந்த கதவுக்கு வெளியே. படம் தெரியாதே என்றால் சரி, ஒரு போனில் படம், இன்னொரு பழைய போனில் ஒலி மட்டும். ஒலியளவைக் கையால் குறைக்க விடும் ரெக்கார்டிங் ஆப் ஒன்றைப் போட்டு, இருப்பதிலேயே ஓங்கி அடிக்கும் அடி ஆப்பின் மீட்டரில் மைனஸ் 10 டெசிபலுக்கு மேலே போகாதபடி வையுங்கள் (அதில் பூஜ்யம்தான் உச்சம்). மைக் ஓட்டையில் டேப் ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம், சிம்பல் தட்டின் ஒலி மழுங்கிப்போகும்.

இவ்வளவும் செய்து பார்த்தபிறகும் மனசு ஆறவில்லை என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இரண்டு மைக்கும் போதும். ஒன்று உங்கள் தலைக்கு மேலே, ஸ்னேரைப் பார்த்தபடி. இன்னொன்று கிக்குக்கு, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு, முன்னால். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கிக் மெலிந்து போனால் இன்டர்ஃபேஸிலோ எடிட்டிங் மென்பொருளிலோ ஒரு மைக்குக்கு மட்டும் ஃபேஸ் பட்டனை (அலையைத் தலைகீழாகத் திருப்புவது) தட்டிப் பாருங்கள், சட்டென்று அடிவயிற்றில் இறங்கும். எட்டு மைக் வைத்தவர்களில் பாதிப் பேர் பயிற்சி நேரத்தை ஸ்டாண்டைத் திருகியே கழிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: ஒலியையும் படத்தையும் தனித்தனியாக எடுத்தேன். தொடக்கத்தில் பொருந்துகிறது, 20 நிமிடம் கழித்துக் குச்சி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

பதில்: இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிக் கடிகாரம், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. போதாததற்குப் போன் வீடியோவில் ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதும் கூடிக் குறையும். அதனால் ஐந்து ஐந்து நிமிடமாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் கேமரா முன்னால் ஒரு தரம் பளிச்சென்று கைதட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஒலி அலையில் அந்த இடம் ஊசி மாதிரி நிற்கும், படத்தில் கைகள் சேரும் ஃபிரேமோடு அதை ஒட்டினால் முடிந்தது. ஆடியோ பக்கம் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம்.

ஒன்று கவனியுங்கள். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லிசெகண்ட். 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தாளம்) ஒரு பதினாறாம் நோட், அதாவது தாளத்தில் கால் பங்கு, 125 மில்லிசெகண்ட். அதாவது இரண்டு ஃபிரேம் விலகினாலே அந்தப் பதினாறாம் நோட்டில் பாதி பிசகிவிட்டது போலத் தோன்றும், உங்கள் கை மேல் தப்பே இருக்காது. டைமிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் பாருங்கள். படம் பார்ப்பது மணிக்கட்டுக்கும் முதுகுக்கும்.

கேள்வி: கேமராவை எங்கே வைப்பது? குச்சி ரப்பர் மாதிரி வளைந்து தெரிகிறது.

பதில்: கேமரா படத்தை வரி வரியாகப் படிப்பதால் வேகமான குச்சி வளைகிறது. அதை அப்படியே விடுங்கள். மங்கலாக இழுபட்டுத் தெரிந்தால் மட்டும் ஷட்டரை 1/200 பக்கம் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) பக்கமிருந்து எடுத்தால் ஸ்னேர் கையும் கூன் விழுந்த முதுகும் தெரியும் (எனக்குத் தெரிந்தது, அன்றைக்கே ஸ்டூலை உயர்த்தினேன்). வாரத்தில் ஒரு நாள் முழங்கால் உயரத்தில் வைத்துக் காலை மட்டும் எடுங்கள். டிரம்ஸ் நிற்கும் பலகையிலேயே டிரைபாடை நிறுத்தாதீர்கள், படம் நடுங்கும்.

கேள்வி: என்னுடையது எலக்ட்ரானிக் டிரம்ஸ். பதிவில் டொக் டொக் என்று ரப்பர் சத்தம்தான் கேட்கிறது.

பதில்: மாட்யூலின் (டிரம்ஸ் ஒலியை உருவாக்கும் பெட்டி) லைன் அவுட்டிலோ, ஒலியை அனுப்பும் யூஎஸ்பி வசதி இருந்தால் அதிலோ எடுங்கள். ஆனால் அந்த டொக் டொக்கையும் ஒரு தரம் கேளுங்கள். மாட்யூலின் அழகான சத்தம் மறைத்துவிடும் ஏற்ற இறக்கமெல்லாம் அதில் அப்பட்டமாக வரும். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும், புளூடூத்தில் சத்தம் தாமதமாக வந்து ஆளையே குழப்பிவிடும்.

கேள்வி: என் பதிவை என்னாலேயே கேட்க முடியவில்லை.

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். வாசித்த சூட்டோடு கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு கை அல்லது ஒரு கால் வாசிப்பதை மட்டும். மூன்று மாதம் நான் ஃபில்லில் (தாளத்துக்கு நடுவே வரும் சிறு அலங்கார வாசிப்பு) வேகம் கூடி ஓடுகிறேன் என்று நினைத்து ஃபில்லையே தேய்த்துக்கொண்டிருந்தேன். கிக்கை மட்டும் கேட்ட அன்றுதான் பிடிபட்டது: ஃபில் சரியாகத்தான் இருந்தது, அது முடிந்து க்ராஷ் தட்டில் அடி விழும் இடத்தில் என் கால் முந்திக்கொண்டிருந்தது. அப்புறம், வாரம் ஒருமுறை அதே பேட்டர்னை அதே டெம்போவில் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியையும் டெம்போவையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: இதை நெட்டில் போடலாமா?

பதில்: தாராளமாக. பிறர் பாட்டோடு சேர்ந்து வாசித்ததைப் போட்டால் பாட்டின் உரிமையாளர்கள் உரிமை கோரலாம். வெறும் கிளிக்கோடு (தாளம் காட்டும் மெட்ரோனோம் சத்தம்) வாசித்ததற்கு யாரும் வர மாட்டார்கள், பார்க்கவும்தான்.