கமோடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினியில் ஷேர்வேர் அசெம்ப்ளரை வைத்து எப்படித் தொடங்குவது?

அசெம்ப்ளர் என்பது நாம் எழுதும் சுருக்கச் சொற்களைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் நிரல். சிப்புக்கு எண் தவிர எதுவும் தெரியாது. நமக்கோ எண் நினைவில் நிற்காது. வண்ணாரப்பேட்டையில் சலவைக்குத் துணி போட்டவர்களுக்கு இது புதிதல்ல. நாம் ‘மாடி வீட்டுத் துணி’ என்போம், சலவைக்காரர் காலருக்குள் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போடுவார். ஒரு வீட்டுக்கு ஒரு குறி.

முதலில் திரையின் ஓரத்தை வெள்ளையாக்கிப் பாருங்கள். மூன்றே வரி: எல்டிஏ #1 (வெள்ளைக்கான 1ஐ எடு), எஸ்டிஏ 53280 (ஓர நிறத்துக்கான 53280ஆம் முகவரியில் வை), ஆர்டிஎஸ் (திரும்பிப் போ). நினைவகத்தில் இது 169, 1, 141, 32, 208, 96 என ஆறு எண்களாக உட்காரும். (53280 இரண்டு எண்களாகப் பிரிந்து நிற்கிறது: 208ஐ 256ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் 53280. சின்ன பாதி முன்னால் வருவது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.) # குறியை மறந்தால் 1 என்ற எண்ணுக்குப் பதில் 1ஆம் முகவரியில் இருப்பதை எடுக்கும், ஓரம் மஞ்சளாகிவிடும்!

இதை நினைவகத்தில் 49152ஆம் முகவரியில் வைத்து, கணினியிலேயே இருக்கும் பேசிக் மொழியில் எஸ்ஒய்எஸ் 49152 அடித்தால் ஓடும். அதற்கு முன் சேமித்துவிடுங்கள். தண்டையார்பேட்டையில் கரண்ட் போனால் எல்லாம் காலி.

அப்புறம், ஷேர்வேர் என்றால் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். முயன்று பார்ப்பதுதான் இலவசம், தொடர்ந்து பயன்படுத்தினால் எழுதியவருக்குப் பணம் தர வேண்டும்.