எரிமலைக்குப் பக்கத்தில் குடியிருந்தால்: நம் கரைக்காரர்களின் கேள்விகளுக்கு ஒரு ஸ்தபதியின் பதில்கள்

நான் தேவிபட்டினத்துக்காரன். கோயில் சுதை வேலைக்காக ரீயூனியன் தீவுக்குப் போய்ப் பல வருடம் அங்கேயே இருந்தேன். மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு அது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், கோயில் வேலைக்குக் குறைவில்லை. தீவின் தென்கிழக்கில் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் என்று ஓர் எரிமலை, 2632 மீட்டர் உயரம். உலகத்தில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. ஊருக்கு வந்ததிலிருந்து ஆளாளுக்கு அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்டதையும் சொன்னதையும் இங்கே தருகிறேன்.

பாம்பன், விசைப்படகு ஓட்டும் தம்பி: அண்ணே, முதல்முறை பார்த்தபோது எப்படி இருந்தது? மலை உச்சி வெடித்துச் சிதறியதா?

சினிமாவில்தான் அப்படி. இந்த மலையில் பெரும்பாலும் பக்கவாட்டில் தரை பிளக்கும். அந்தப் பிளவு நெடுக நெருப்புக் குழம்பு ஊற்றுபோல் எழும்பும். அதற்கு முன்பே பூமிக்கடியில் சின்னச் சின்ன நடுக்கம் தொடங்கிவிடும். மலை கொஞ்சம் வீங்கும். அதையெல்லாம் அளப்பதற்கென்றே அங்கே ஓர் ஆய்வகம் இருக்கிறது. கருவி சொன்னதும் மலைக்குப் போகும் பாதையை அடைத்துவிடுவார்கள்.

என் மனசில் நின்றது சத்தம்தான். கச்சான் காற்று அடிக்கும் ராத்திரியில் கடல் இரைவது போல, விடாமல் ஓர் இரைச்சல். மேகத்தின் அடிப்பக்கம் முழுக்கச் சிவந்திருந்தது. இன்னொன்று, கூட்டம்! குழந்தை குட்டி, சாப்பாட்டுத் தூக்கோடு ஊரே காரில் கிளம்பி வருகிறது. கடற்கரைச் சாலையில் விடிய விடிய நெரிசல், போலீஸ்காரருக்குத்தான் பாடு.

ஏர்வாடி, கல்லூரி மாணவி: எரிகுழம்பு துரத்தினால் ஓடித் தப்ப முடியுமா, ஐயா?

அந்த மலையில் நடந்தே தப்பலாம். பிளவுக்குப் பக்கத்திலும் செங்குத்தான சரிவிலும் வேகமாகப் பாயும். கீழே வர வர மேல்தோல் ஆறிக் கெட்டியாகி வேகம் குறைந்துவிடும். ஊரை எட்டும்போது முன்நுனி பெரும்பாலும் நம் நடையைவிட மெதுவாகத்தான் வரும். ஆனால் எல்லா மலையும் ஒன்றில்லை. காங்கோ நாட்டு நைராகோங்கோவில் 1977ல் குழம்பு தண்ணீராக இளகி, வண்டி வேகத்தில் பாய்ந்தது. பலர் தப்பவில்லை.

ஆறிவிட்டது என்று மேலே ஏறுவது இன்னொரு ஆபத்து. மேல்தோல் கறுத்திருக்கும், அடியில் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். தோல் எந்த இடத்தில் மெல்லியது என்று யாருக்குத் தெரியும்? செல்பிக்காக ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்டி, இரண்டு பிள்ளைகளின் தாய்: வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நல்ல கேள்வி, அம்மா. நெருப்பு எரியும் இடம் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். வாயு அப்படியில்லை. கந்தக வாயு காற்று அடிக்கும் பக்கமெல்லாம் போகும். தொண்டை கரகரக்கும், கண் எரியும், ஆஸ்துமாக்காரர்களுக்குப் பெரும் அவதி. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் அன்றைக்கு ஜன்னலைத் திறப்பார்கள்.

குழம்பு தெறிக்கும்போது முடி போல மெல்லிய கண்ணாடி இழைகளும் காற்றில் பறந்து வந்து விழும். கொடியில் காயும் துணியிலும் இருக்கும். கையால் தட்டிவிட்டுக் கண்ணைக் கசக்கினால் போச்சு. கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறவர்கள் அந்த நாட்களில் குழாயைக் கழற்றிவிட வேண்டும், தண்ணீரில் அமிலம் ஏறியிருக்கும்.

ராமேஸ்வரம், வயதான மீனவர்: தம்பி, நாங்கள் 64 புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்தவர்கள். அதைவிடக் கொடுமையா இது?

உயிரைக் கணக்கில் வைத்தால் புயல்தான் கொடுமை, ஐயா. ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது. ரீயூனியனில் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேற நேரம் கிடைக்கும். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமாக ஓடும் பள்ளத்தாக்கை விட்டு வெளியே பிளவு விழுந்து, பித்தோன் சேன்த் ரோஸ் என்ற ஊருக்குள் குழம்பு வந்தது. வீடுகள் போயின, உயிர்ச்சேதம் இல்லை. அங்கிருந்த மாதா கோயில் வாசலோடு குழம்பு நின்று, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், சுற்றிலும் கறுத்த பாறை.

ஆனால் நிலம் விஷயத்தில் லாவா என்கிற இந்தக் குழம்பு புயலைவிட மோசம். தண்ணீர் வடிந்தால் மனை இருக்கும். இங்கே மனைமேல் பாறை ஏறிவிடுகிறது. 2007 ஏப்ரலில் கடற்கரைச் சாலையையே புதைத்தது, சில இடத்தில் பத்து மாடிக்கு மேல் கனம். மறுபடி அதன்மேல் சாலை போட்டார்கள். வருடங்கள் கழித்தும் மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி வந்தது. கடலுக்குள் போய் உறைந்த குழம்பால் தீவு கொஞ்சம் பெரிதானது. பட்டா யாருக்கு என்று கேட்பீர்கள். ஹவாயில் அந்த வழக்கு நடந்து, புது நிலம் அரசுக்கே என்று 1977ல் தீர்ப்பானது.

கீழக்கரை, கப்பலில் வேலை பார்த்தவர்: கடலில் லாவா விழுமிடத்துக்குப் படகில் போகலாமா, அண்ணே?

போகாதீர்கள். வெள்ளையாக எழும்பும் புகையை வெறும் நீராவி என்று நினைக்கிறார்கள். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கண்ணாடித் தூளும் கலந்திருக்கும். புதிதாக உறைந்த கரை திடீரென்று சரியும். 2018 ஜூலையில் ஹவாயில் வேடிக்கை பார்க்கப் போன படகின் கூரையைப் பொத்துக்கொண்டு கொதிக்கும் லாவாக் கல் விழுந்து 23 பேருக்குக் காயம். 2007ல் ரீயூனியன் பக்கம் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன, அங்குள்ள மீனவர்களே பார்த்திராத சாதிகள்.

படகுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஐஸ்லாந்தில் நடந்தது. ஹைமே என்ற மீன்பிடித் தீவில் 1973 ஜனவரி 23 நடுநிசிக்குப் பின் ஊரோரமே தரை பிளந்தது. முந்தின நாள் புயல் என்பதால் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றன. சுமார் 5,300 பேரில் பெரும்பாலோர் அந்த ராத்திரியே படகேறித் தப்பினார்கள். அப்புறம் குழம்பு துறைமுக வாயை அடைக்க வந்தது. மாதக்கணக்கில் கடல்நீரைப் பம்பு வைத்து அடித்து அதை உறைய வைத்தார்கள். துறைமுகம் பிழைத்தது. ஜூலையில்தான் மலை அடங்கியது.

மண்டபம், பள்ளிச் சிறுவன்: நம்ம ஊர்ல எரிமலை வருமா மாமா?

வராதுடா. நம் பக்கத்தில் உள்ளது மணலும் பவளப்பாறையும். நம் நாட்டில் பொங்குகிற எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஆள் குடியிருப்பு கிடையாது. நூறு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்து, 1991ல் விழித்தது. அதற்குப் பிறகும் பலமுறை பொங்கியிருக்கிறது.

உத்தரகோசமங்கை, சிற்பம் பழகும் பையன்: லாவா கல்லில் சிலை வடிக்கலாமா, ஐயா?

மேலாக இருக்கும் கல் முழுக்கக் காற்றுக் குமிழி, உளி வைத்தால் பொரிந்துவிடும். அடியில் மெதுவாக ஆறிய கல் கெட்டி, அதில் அம்மி குழவி செய்யலாம். மூக்கும் விரலும் எடுக்க எனக்குத் திருப்தியாக வரவில்லை. அங்குள்ள கோயில்களுக்கு மூலவர் சிலைகள் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து கப்பலில்தான் போகின்றன.

போனால் எனக்கொரு துண்டு கொண்டுவா என்று யாரிடமும் கேட்டுவிடாதே. மலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, கல் எடுக்க அனுமதி இல்லை.