நீலகிரியை முன்வைத்துச் சில சூழலியல் கேள்விகள்

பல்லுயிர்த்தன்மை, ஆக்கிரமிக்கும் தாவரங்கள், மனிதர்களால் நேரும் மாற்றங்கள் என அடிப்படையான கேள்விகள் பல வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நாட்டிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடுவதைவிட, தாவரவியல் ஆசிரியனாக நான் பல ஆண்டுகள் மாணவர்களுடன் ஏறி இறங்கிய நீலகிரி ஒன்றையே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஈரோடு): பல்லுயிர்த்தன்மை என்றால் ஓரிடத்தில் எத்தனை வகை உயிரினங்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கைதானே? மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன்.

பதில்: எண்ணிக்கை அதன் ஒரு பகுதி மட்டுமே. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், பல நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து வளர்க்கும் உதகை தாவரவியல் பூங்கா, நீலகிரியின் மேற்கே தேசியப் பூங்காவாக உள்ள முக்குருத்தியின் மலைச்சரிவைத் தோற்கடித்துவிடும். ஆனால் தோட்டக்காரர்கள் ஒரு பருவம் கைவிட்டால் அந்தப் பூங்காவின் பெரும்பகுதி நிலைக்காது. முக்குருத்தியின் புல்லுக்கு எந்தத் தோட்டக்காரரும் தேவையில்லை.

பல்லுயிர்த்தன்மையை மூன்று படிநிலைகளில் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரே இனத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு. ஒரு தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்த தேயிலைத் தோட்டம் பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தாலும், அதிலுள்ள ஆயிரக்கணக்கான செடிகளும் மரபணு அளவில் ஒரே செடிதான். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். இரண்டாவது, இனங்களின் வேறுபாடு. இதில் வரையாட்டைப் போல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஓரிட வாழ்விகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மூன்றாவது, வாழிடங்களின் வேறுபாடு. நீலகிரியின் மேட்டுநிலத்தில் அரைமணி நேரம் நடந்தால் புல்வெளி, பள்ளத்து மடிப்பில் சோலை எனப்படும் குட்டையான பசுமைக்காடு, இரண்டுக்கும் இடையே கால் புதையும் சதுப்பு என மூன்று உலகங்களைக் கடந்துவிடலாம். மாணவர்களுக்கு இந்த மூன்றாவது படிநிலையிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். மற்ற இரண்டும் எளிதாகப் புரியும்.

கேள்வி (தன்னார்வலர், கோயம்புத்தூர்): எங்கள் குழு ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறது. உதகைக்கு மேலே மரமே இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் புல் மேடுகளில் நடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கேள்வியில் உள்ள ‘வெறுமை’ என்ற சொல்தான் கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த மலைக்கு மிகுதியான கேட்டைச் செய்தது என்பது என் கருத்து. ஆங்கிலேய ஆட்சியில் இந்தப் புல்வெளி தரிசாகக் கருதப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) கொண்டுவரப்பட்டன. தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகவும், பின்னர் காகிதம், செயற்கை இழை போன்றவற்றுக்கான கூழுக்காகவும் விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது.

இந்தப் புல்வெளியைக் காட்டை அழித்ததால் உண்டான வெட்டவெளி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நீலகிரிச் சதுப்புகளின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மட்கிய தாவரப் படிவுகளை ஆராய்ந்தபோது, இங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல்வெளி இருந்தது தெரியவந்தது. மார்கழி, தை மாத இரவுகளில் திறந்த மேட்டில் உறைபனி இறங்கும். சோலை மரத்தின் இளங்கன்று அதில் கருகிவிடும். பள்ளத்தில் சோலையும் மேட்டில் புல்லும் நிற்பதற்கு இந்தப் பனி ஒரு முக்கியக் காரணம். காட்டுப்பூவரசு போன்ற ஓரிரு மரங்களே புல்லின் நடுவே துணிந்து நிற்கின்றன.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். உதகைக்கு அருகே கிளன்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை (ஓர் ஓடைக்கு மழைநீர் வடிந்து வரும் நிலப்பகுதிகளை) எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு, மற்றதில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தில் 1970களில் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் தைல மரம் நின்ற பக்கத்தில் ஓடிவந்த நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 விழுக்காடாயிற்று. உங்கள் குழுவின் உழைப்பை மலையடிவாரத்திலோ, கோவையின் குளக்கரைகளிலோ, அந்தந்த இடத்துக்குரிய மரங்களோடு செலவிடுங்கள்.

கேள்வி (விவசாயி, கோபிசெட்டிபாளையம்): மலை உச்சியில் இருக்கும் புல்லுக்கும் என் வயலுக்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் வாய்க்காலில் வரும் பவானித் தண்ணீரில் ஒரு நல்ல பகுதி அந்த மேட்டில் பெய்த மழைதான், பைக்காரா நீரும் மாயாறாக இறங்கி பவானிசாகரில் வந்து சேர்கிறது. அந்த மேட்டிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படிக் கொட்டும் மழை பாறையில் விழுந்தால் அன்றே ஓடிவிடும். ஒருமுறை மார்ச் மாத வெயிலில், மழை பெய்து பல வாரங்கள் ஆன பிறகு, இரண்டு சரிவுகள் சந்திக்கும் சதுப்பில் மண்டியிட்டு, கறுத்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தேன். ஈரத்துணியைப் பிழிந்ததுபோல விரலிடுக்கில் நீர் சொட்டியது. கோடையிலும் மலை ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு இந்த மண் முக்கியமான காரணம். இப்படி இயற்கை கூலியின்றிச் செய்யும் வேலையைத்தான் பாடநூல்கள் ‘சூழல் மண்டலச் சேவை’ என்கின்றன. சேவை என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை; அது நமக்காகச் செய்யப்படுவதும் இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், குன்னூர்): அயல்நாட்டுத் தாவரங்கள் எல்லாமே தீமைதான் என்றால், எங்கள் ஊரின் உருளைக்கிழங்கும் கேரட்டும் தேயிலையும் என்ன ஆவது?

பதில்: அயல் தாவரம் வேறு, ஆக்கிரமிக்கும் தாவரம் வேறு. கேரட் பாத்தியை விட்டு வெளியே போய்க் காட்டைப் பிடிப்பதில்லை. மனித உதவியின்றித் தானே பரவி, அங்கிருந்தவற்றை நெருக்கி அப்புறப்படுத்துவதுதான் ஆக்கிரமிப்பு. முதுமலைப் பக்கம் உண்ணிச்செடி (லண்டானா) அப்படிப் பரவியது. அதன் பழத்தைத் தின்னும் பறவைகளே விதையைச் சுமந்து செல்கின்றன. அதன் அடியில் புல் முளைக்காததால் மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் குறைகிறது. மேட்டில் சீகை மரம் இன்னும் பிடிவாதமானது: அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, தீப்பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஆகவே சீகையை வெட்டுவது வேலையின் தொடக்கமே. பிறகு ஆண்டுதோறும் அதே இடத்துக்குப் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்திருப்பதால், ஒட்டுமொத்தமாக வழித்தெடுப்பதையும் நான் ஆதரிப்பதில்லை.

கேள்வி (கால்நடை வளர்ப்பவர், மசினகுடி அருகே): மாட்டுக்குப் போட்ட வலி மருந்தால் கழுகு செத்தது என்கிறார்கள். டிடிடி போல உணவுச் சங்கிலியில் சேர்ந்து சேர்ந்து கொல்வதா இது?

பதில்: இல்லை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி கொழுப்பில் தங்கி, உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்குப் போகப் போகச் செறிவு கூடும். அது உயிரியப் பெருக்கம். நீங்கள் சொல்லும் வலி மருந்தான டைக்குளோஃபினாக் அப்படித் தேங்குவதில்லை, சில நாட்களில் மாட்டின் உடலை விட்டு நீங்கிவிடும். ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாட்களுக்குள் மாடு இறந்து, அதன் உடலைப் பாறுக் கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) தின்றால், அந்த ஒருவேளை உணவே அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு சடலத்துக்குப் பல பறவைகள் கூடுவதால், சில சடலங்களில் மட்டும் மருந்து இருந்தாலே போதும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. 1990களில் தொடங்கிய சரிவில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துபோயின. கால்நடைகளுக்கு டைக்குளோஃபினாக் கொடுப்பது 2006இல் தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் என்ற வேறு இரு வலி மருந்துகளுக்கும் தடை வந்தது. உங்கள் மாட்டுக்கு வலி மருந்து தேவைப்பட்டால், கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அது பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. உங்கள் ஊரை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் அவை இன்னும் கூடு கட்டுகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை வாசகர்): மனிதர்களையே வெளியேற்றிவிட்டால் மலை பிழைக்கும் அல்லவா?

பதில்: எந்த மனிதர்களை? நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் பல நூற்றாண்டுகளாக எருமை மேய்த்தும், குறிப்பிட்ட பருவத்தில் புல்லுக்குச் சிறு தீயிட்டும் வாழ்ந்த நிலம் இது; தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லைக்கூட இங்கிருந்துதான் எடுக்கிறார்கள். புல்லைப் புல்லாக வைத்திருந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. கோடை விடுமுறையில் வரிசைகட்டி ஏறும் வண்டிகள் வேறு கதை. ஒரு நிலம் எவ்வளவு பேரின் தண்ணீரையும் கழிவையும் தாங்கும் என்பதே தாங்கு திறன். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்கச் சொன்னதன் பின்னணி இதுதான்.

கேள்வி (புகைப்படக்காரர், மதுரை): நீலக்குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்? அதுவரை அந்தச் செடி என்ன செய்யும்?

பதில்: 2006, 2018 என்ற வரிசையில் அடுத்த பெரும் பூப்பு 2030இல் வர வேண்டும்; சில சரிவுகளின் கூட்டங்கள் வேறு ஆண்டுக் கணக்கில் பூப்பதும் உண்டு. பூத்துக் காய்த்ததும் தாய்ச்செடிகள் மடிந்துவிடும். விழுந்த விதையிலிருந்து வரும் கன்றுகள் பதினோரு ஆண்டுகள் பூவே இல்லாமல், பெயர் தெரியாத பச்சைப் புதராகத்தான் நிற்கும். அந்த இடைவெளியில் யாராவது அதை ‘வெறும் புதர்’ என்று வழித்தெடுத்துவிட்டால், உங்களுக்கு அது தெரியவருவது 2030இல் கேமராவோடு போய் நிற்கும்போதுதான்.