வட்ஸ்அப் பேக்கேஜ் போட்டா லிங்க் ஏன் தொறக்குதில்ல? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நெட் நியூட்ராலிட்டி பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தோம். போன் கொம்பனி எந்த அப், எந்த சைட்னு பாக்காம எல்லா டேட்டாவையும் ஒரே மாதிரி கொண்டுபோய் சேக்கணும், ஒண்ண வேகமா விட்டு ஒண்ண இழுத்துப் பிடிச்சு இன்னொண்ண ஓசியாக் குடுக்கக் கூடாது, இதுதான் விசயம்னு சொல்லிட்டு விட்டுட்டோம். சமையல் குறிப்புக்கு வர்றத விட கூட கடிதம் வந்திருக்கு. எல்லாத்தையும் போட எடமில்ல, ஒரே மாதிரி கேட்டவங்கள ஒண்ணா சேத்துட்டோம்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தாய்: மகள் ஓஎல் எழுதப் போறா. மாசாமாசம் வட்ஸ்அப் பேக்கேஜ் போட்டுக் குடுக்குறேன். டீச்சர் குரூப்ல பாஸ்ட் பேப்பர் லிங்க் போடுறாங்க, அத அமத்துனா தொறக்குதில்ல, இல்லாட்டி ரீலோட் போட்ட சல்லி போயிருது. குரூப் தொறக்குது, லிங்க் மட்டும் ஏன் தொறக்காது? கடைக்காரத் தம்பிய கேட்டா "அது அப்புடித்தான் அக்கா"ங்கிறாரு.

தம்பி சொன்னது பொய்யில்ல அக்கா, ஏன் அப்புடின்னுதான் அவர் சொல்லல. ஒங்க மகள் போன்ல இருந்து போற ஒவ்வொரு டேட்டாவும் எந்த சர்வருக்குப் போகுதுன்னு கொம்பனியோட மெஷின் பாக்குது, மெசேஜ்ல என்னா எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது, ஆனா வட்ஸ்அப்புக்குப் போகுதா வேற எடத்துக்குப் போகுதான்னு நல்லாத் தெரியும். குரூப்ல வர்ற மெசேஜ், போட்டோ, பிடிஎஃப் எல்லாம் வட்ஸ்அப் சர்வர்ல இருந்தே வர்றதால பேக்கேஜுக்குள்ள அடங்கிரும். லிங்க்க அமத்துன ஒடனே அது குரூப்ப விட்டு வெளிய வந்து பரீட்சைத் திணைக்களத்து சைட்டுக்கோ கல்வி அமைச்சோட பாட சைட்டான ஈ-தக்சலாவவுக்கோ போகுது, அது அந்தப் பேக்கேஜ்ல இல்லாத எடம். மத்த டேட்டா இருந்தா அதுல வெட்டும், இல்லாட்டி ரீலோட் சல்லியில வெட்டும், அதுவும் இல்லாட்டி சுத்திக்கிட்டே நிக்கும்.

கூப்பன் கடையில அரிசி வாங்குனவங்களுக்கு இது சட்டுனு வெளங்கும். கூப்பன நீட்டுனா அரிசி கெடைக்கும், சீனி கெடைக்கும், அதையே பக்கத்துக் கடையில நீட்டி பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்க முடியாது. ஆனா கூப்பன் அரசாங்கம் குடுத்தது. இந்தப் பேக்கேஜுக்கு நாள் முழுக்க கொழுந்து பறிச்சு வாங்குன ஒங்க சம்பளத்துல இருந்து நீங்கதான் சல்லி குடுக்குறீங்க, அத எங்க செலவழிக்கணும்னு மட்டும் வேற ஆள் சொல்றான். நெட் நியூட்ராலிட்டின்னு ஒலகம் பூரா சண்டை போடுறாங்களே, அதுல பெரிய பங்கு இதுக்குத்தான்.

நம்மூருல இது இவ்வளவு பரவுனது கொரோனாவாலதான். 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுனப்ப ஈ-தக்சலாவவ டேட்டா வெட்டாம பாக்க விட்டாங்க, கெம்பஸ் பிள்ளைகளுக்கு லேர்ன்ங்கிற கெம்பஸ்களோட நெட் அமைப்பு மூலமா ஸூம் ஓசியா கெடைச்சிச்சு, அத நான் குறை சொல்லமாட்டேன், அந்த நேரத்துக்கு அது வேண்டியதுதான். ஆனா தோட்டத்து ஸ்கூல்கள்ல பாடம் நடந்தது முக்கால்வாசி வட்ஸ்அப்லதான், ஸ்கூல் தொறந்து இத்தனை வருசமாகியும் அந்தப் பழக்கம் போகல. இப்ப பிள்ளைக்கு நெட்னா வட்ஸ்அப், வட்ஸ்அப்னா நெட்.

இப்போதைக்கு ஒண்ணு செய்யுங்க. டீச்சர்கிட்ட சொல்லி லிங்க் போடாம பேப்பர டவுன்லோட் பண்ணி பிடிஎஃப்பாவே குரூப்ல போடச் சொல்லுங்க, பேக்கேஜுக்குள்ளயே தொறக்கும். அடுத்த மாசம் கடையில "எந்த சைட்டுக்கும் போற எனிடைம் டேட்டா எவ்வளவு"ன்னு கேட்டு, ரெண்டையும் வச்சுப் பாத்துட்டு வாங்குங்க. ராத்திரி டேட்டா தலையில கட்டுவாங்க, பிள்ள நடுச்சாமம் முழிச்சிருந்து படிக்கப் போறதில்லன்னா அது வேணாம்.

கம்பளை வாசகர்: ஏழைக்கு ஓசியா கொஞ்சம் நெட் குடுத்தா அதையும் வேணாங்கிறது வயிறு நெறஞ்சவன் வேலை. இந்தியாவுல பேஸ்புக் ஓசியா குடுத்தத வெரட்டினாங்களே, யாருக்கு நட்டம்?

வந்த கடிதங்கள்ல என்னைய ரொம்ப யோசிக்க வச்சது இதுதான் அண்ணே. சும்மா தள்ளிவிடுற கேள்வியில்ல.

நடந்தது இதுதான். 2015ல பேஸ்புக் அங்க ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ்ங்கிற போன் கொம்பனியோட சேந்து, தான் சேத்துக்கிட்ட சில சைட்டுகள மட்டும் டேட்டா வெட்டாம குடுத்திச்சு, பின்னால அதுக்கு ஃப்ரீ பேசிக்ஸ்னு பேர் வச்சாங்க. அதே வருசம் ஏப்ரல்ல ஏர்டெல், அப் வச்சிருக்கிற கொம்பனி சல்லி கட்டுனா அந்த அப்ப பாவிக்கிறவனுக்கு டேட்டா ஓசின்னு ஏர்டெல் ஸீரோன்னு ஒண்ணக் கொண்டுவந்திச்சு. சனம் கொதிச்சு, போன் கொம்பனிகளுக்கு விதி போடுற டிராய்ங்கிற ஆணையத்துக்கு 10 லட்சத்துக்கு மேல ஈமெயில் அனுப்புனாங்க, ஏர்டெல்லோட பேசிக்கிட்டிருந்த ஒன்லைன் கடை ஃப்ளிப்கார்ட்டே பின்வாங்கிருச்சு. 2016 பெப்ரவரி 8ம் திகதி டிராய் விதி போட்டிச்சு, எந்த சைட்டுன்னு பாத்து டேட்டாவுக்கு வேற வேற விலை வைக்கக் கூடாது, மீறுனா நாளுக்கு 50,000 ரூபா, ஆகக் கூட 50 லட்சம் வரைக்கும் அபராதம். அந்த வாரமே பேஸ்புக் அங்க கடைய மூடிருச்சு.

நட்டம் யாருக்குன்னு கேட்டீங்க. அதே 2016 செப்டெம்பர்ல ஜியோன்னு புது போன் கொம்பனி வந்து விலைய அடிச்சு நொறுக்குனதுல, ஃப்ரீ பேசிக்ஸ் யாருக்காகன்னு சொன்னாங்களோ அந்தச் சனமே முழு நெட்டையும் வாங்குற நெலைமைக்கு வந்திருச்சு. நியூட்ராலிட்டி விதியாலதான் விலை இறங்குச்சுன்னு நான் சொல்லல, போட்டியால இறங்குச்சு. ஆனா ஓசித் துண்டு இல்லாட்டி ஏழைக்கு நெட்டே கெடையாதுன்னு அன்னைக்கு சொன்ன பேச்சு நிக்கல. சிலி நாடு 2010லயே ஒலகத்துல மொதல்ல இதுக்கு சட்டம் போட்டது, 2014ல பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் போன் கொம்பனிங்க குடுத்த ஓசி ஓஃபர்கள நிப்பாட்டச் சொன்னிச்சு.

ஏழைக்கு ஓசியா குடுக்கணும்னா நல்லாக் குடுக்கட்டும், மாசத்துக்கு இவ்வளவு எம்பி எங்கயும் போன்னு குடுக்கட்டும். அப்புடிக் குடுக்க பேஸ்புக் மாதிரி கொம்பனிகளுக்கு மனசு வராது, ஏன்னா அதுல அவங்க அப்புக்கு ஆள் சேராது. நம்ம நாட்டுல இதுக்குன்னு தனிச் சட்டம் இல்லண்ணே. 1991ம் வருசத்து தொலைத்தொடர்புச் சட்டம்தான் இருக்கு, அத 1996ல திருத்தி உண்டாக்குனதுதான் டிஆர்சிங்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கட்டணத்துக்கு ஒப்புதல் குடுக்குறது அதுதான். அப்ப பேஸ்புக் பேக்கேஜும் யூடியூப் பேக்கேஜும் அங்க ஒப்புதல் வாங்கித்தான் கடைக்கு வருது, இத நெறைய பேர் யோசிக்கிறதில்ல.

பண்டாரவளை வாசகி: அமெரிக்காவுல இத சட்டமாக்கி எடுத்து மறுபடி ஆக்கி மறுபடி எடுத்துட்டாங்களாமே, தலை சுத்துது.

அவங்களுக்கே சுத்துது தங்கச்சி. 2007ல கொம்காஸ்ட்ங்கிற நெட் கொம்பனி, பெரிய ஃபைல்கள ஆளுக்கு ஆள் பகிர்ந்துக்கிற பிட்டொரண்ட் பாவிக்கிறவங்களோட வேகத்த சத்தமில்லாம இழுத்துப் பிடிச்சது பிடிபட்டதுல இருந்து சண்டை சூடாச்சு. 2015 பெப்ரவரியில எஃப்சிசிங்கிற அவங்க தொலைத்தொடர்பு ஆணைக்குழு 3க்கு 2 வோட்ல கடுமையான விதி போட்டிச்சு, 2017 டிசம்பர்ல ஆட்சி மாறி வந்த அதே ஆணைக்குழு அதே 3க்கு 2ல தூக்கிருச்சு, 2024 ஏப்ரல்ல திரும்பவும் 3க்கு 2ல கொண்டுவந்தாங்க, 2025 ஜனவரி 2ம் திகதி மேல்முறையீட்டு கோர்ட் அத வெட்டிருச்சு. ஒரு ஆணைக்குழுவுல உள்ள 5 பேர் கையில விட்டா இப்புடித்தான், பாராளுமன்றத்துல உறுதியா ஒரு சட்டம் வந்திருந்தா இந்த ஊஞ்சல் ஆட்டம் இருந்திருக்காது. கலிபோர்னியா மாநிலம் 2018லயே தனக்குன்னு ஒரு சட்டம் போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கு.

தெல்தெனிய பக்கம் ஒரு கடை முதலாளி: 2018 கலவரத்துல எங்க பக்கம் கடைகள எரிச்சப்ப பேஸ்புக்க மூடுனாங்க. அது சரின்னுதான் எனக்குப் பட்டிச்சு. நீங்க சொல்ற சமத்துவத்துல அதுக்கு எடமிருக்கா?

அந்த மார்ச் மாசம் திகன, தெல்தெனிய, அக்குறணைன்னு பாத்துக்கிட்டிருந்தவங்களுக்கு அப்புடித் தோணாம இருந்தாத்தான் அதிசயம் முதலாளி. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர்னு ஒரு வாரம் கிட்ட மூடி வச்சாங்க. இது ரெண்டும் வேற வேற. கொம்பனி தன் லாபத்துக்காக ஒரு சைட்ட தடுக்கிறது ஒண்ணு, அரசாங்கம் கட்டளை போட்டு தடுக்கிறது இன்னொண்ணு. ஐரோப்பாவுல 2016ல இருந்து இருக்கிற விதியிலயும் சட்டமோ கோர்ட் கட்டளையோ இருந்தா தடுக்கலாம், கொம்பனி தன் இஷ்டத்துக்கு தடுக்கக் கூடாது.

ஆனா அரசாங்கம் மூடுற எல்லாத்தையும் நான் ஒத்துக்கமாட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் மூடுனாங்க, சரி. 2022 ஏப்ரல் 3ம் திகதி மூடுனது எதுக்கு? அன்னைக்கு கடை எரியல, சனம் கேஸ் இல்ல, கரண்ட் இல்லன்னு ரோட்டுக்கு வரப் பாத்திச்சு. அப்ப மந்திரியா இருந்த நாமல் ராஜபக்ஷவே தடைய சுத்திப் போக விடுற விபிஎன்லதான் தான் இருக்கிறதாவும், இந்தத் தடையால ஒரு பிரயோசனமும் இல்லன்னும் ட்விட்டர்ல போட்டாரு, அன்னைக்கே தடையும் எடுபட்டிச்சு.

உங்க பக்கத்து விசயத்துல இன்னொண்ணு இருக்கு, அதத்தான் ஒருத்தரும் பேசுறதில்ல. பேஸ்புக் பேக்கேஜ் மட்டும் போட்டவனுக்கு வதந்தி பேஸ்புக்ல டேட்டா வெட்டாம வந்து சேருது, அது பொய்யா மெய்யான்னு பாக்க ஒரு பேப்பர் சைட்டுக்குப் போனா சல்லி வெட்டுது. தலைப்ப மட்டும் வாசிச்சிட்டு ஷேர் பண்றான். ஆத்திரத்துக்கு ஓசி, விசாரிச்சுப் பாக்குறதுக்கு கட்டணம், இப்புடி ஒரு ஏற்பாட்ட வச்சுக்கிட்டு கலவரம் வந்த பிறகு பூட்டுப் போடுறாங்க.

நுவரெலியா வாசகர்: மலை உச்சியில டவர் போட்டு கரண்ட் இழுத்தது போன் கொம்பனி. மேல ஓடி சம்பாதிக்கிறது யூடியூப். அவன்கிட்ட பங்கு கேட்டா என்னா தப்பு?

டவர் செலவுக்குத்தான நீங்களும் நானும் டேட்டா வாங்குறோம், வாட் வரி 18 சதவீதம் வேற மேல கட்டி? யூடியூப் பாக்க ஆசப்பட்டுத்தான் சனம் டேட்டாவே வாங்குது, அது இல்லாட்டி கொம்பனி எத விக்கும். தென்கொரியாவுல இப்புடி டேட்டா அனுப்புறவன்கிட்ட வசூலிக்கிற முறை இருக்கு, அந்தச் செலவு தாங்காம ட்விட்ச்ங்கிற நேரடி வீடியோ சைட் 2024 பெப்ரவரியில அங்க மூடிட்டே போயிருச்சு. யூடியூப்காரன் கேட்டதக் கட்டிருவான், அவன்கிட்ட இருக்கு. தலவாக்கலையில ரெண்டு பெடியங்க சேந்து தமிழ்ல பாடம் நடத்துற சைட் ஒண்ணு தொடங்குனா அவங்க எங்க போவாங்க?

பசறை பக்கம் ஒரு தம்பி, ஏஎல் படிக்கிறவர்: எல்லாரும் வேகம், பேக்கேஜ்னு பேசுறீங்க, எங்க டிவிசன்ல சிக்னலே இல்ல. லயத்துல இருந்து மேல பங்களா ரோட்டு வளைவுக்கு ஏறணும், மழை வந்தா அதுவும் இல்ல. பலூன், சட்டலைட்னு சொன்னதெல்லாம் எங்க?

ஞாயமான கோவம் தம்பி. சிக்னலே இல்லாதவனுக்கு எல்லா டேட்டாவும் சமம்னு சொல்றது, வெறும் இலைய போட்டு எல்லாருக்கும் சமமா பரிமாறியாச்சுங்கிற மாதிரித்தான்.

பலூன் கதைய கேட்டீங்க. வானத்துல இருந்து நெட் குடுக்கன்னு கூகுள் விட்ட லூன் பலூன் 2016 பெப்ரவரியில இலங்கைக்கு மேல வந்திச்சு, அந்த வாரமே ஒண்ணு கம்பளைப் பக்கம் தேயிலைக்குள்ள எறங்கிருச்சு, சனம் சுத்தி நின்னு பாத்தாங்க. இது திட்டமிட்டு எறக்குனதுதான்னு அதிகாரிங்க சொன்னாங்க. நெட் வந்து சேரல, பலூன் மட்டும் வந்து சேந்திச்சு. 2021ல அந்தத் திட்டத்தையே மூடிட்டாங்க. சட்டலைட்ல இருந்து நெட் குடுக்குற ஸ்டார்லிங்க்குக்கு 2024ல லைசன் குடுத்து 2025ல தொடங்கியாச்சு, வானம் மறையாத எடமா இருந்தா மலைக்குள்ளயும் அது வேலை செய்யும், ஆனா டிஷ் விலையும் மாசக் கட்டணமும் லயத்துக் குடும்பம் ஒண்ணால தாங்க முடியாது. ஒரு ஸ்கூலோ வாசிகசாலையோ எடுத்து பிள்ளைகள் பகிர்ந்துக்கிட்டா கதை வேற.

டவர்தான் வழி, அதுக்கு இருக்கிற முட்டுக்கட்டைய சொல்றேன். தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 1992ல இருந்து கொம்பனிங்க நடத்துது, எடம் கேட்டா தொரைகிட்டயும் போகணும், கொழும்புக்கும் போகணும். பிரதேச சபை தன் சல்லிய தோட்டத்துக்குள்ள செலவழிக்கவே 2018ல சட்டத்த திருத்த வேண்டி வந்திச்சுன்னா நீங்களே பாத்துக்கங்க. டிஆர்சியில கிராமப்புறத்துக்கு டவர் போடுற திட்டம் ஒண்ணு இருக்கு, கமட்ட சன்னிவேதனயன்னு. அதுல ஒங்க டிவிசன் இருக்கான்னு கேட்டு எழுதுங்க. சும்மா "சிக்னல் இல்ல"ன்னு எழுதுனா ஃபைலுக்குள்ள போயிரும். தோட்டத்துப் பேர், டிவிசன் பேர், கிராம சேவகர் பிரிவு, எத்தனை குடும்பம், ஸ்கூல் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த சிம்முக்கு எந்த எடத்துல எத்தனை கோடு வருதுன்னு நாலஞ்சு நாள் குறிச்சு, போன் திரைய படம் எடுத்து சேத்து, தலைவர்மார்கிட்டயும் டீச்சர்மார்கிட்டயும் கையெழுத்து வாங்கி அனுப்புங்க. பிரதேச செயலகத்துக்கு ஒரு கொப்பி, தோட்ட ஒஃபிசுக்கு ஒரு கொப்பி. நமக்கும் ஒண்ணு அனுப்புங்க தம்பி, அவங்க பதில் போடுறாங்களோ இல்லையோ அடுத்த இதழ்ல நாம போட்டுருவோம்.