வயதான பெற்றோரின் கைபேசிக்கு எந்தப் பாதுகாப்புச் செயலியைப் போடலாம்?

செயலியை விடுங்கள், முதலில் சிம் கார்டைப் பூட்டுங்கள்.

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலைய நெரிசலில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து கைபேசி போனது. திரைப்பூட்டு இருந்தது. காசு கொடுத்து நான் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸும் இருந்தது. எடுத்தவன் இரண்டையும் சீண்டவில்லை. சிம்மை உருவி வேறு கைபேசியில் போட்டான். ஓடிபி எல்லாம் அவனுக்கே போயின. நாங்கள் எண்ணை முடக்குவதற்குள் அப்பாவின் ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். கைபேசியைத் தேட அந்தக் கணக்கில் இருந்த வழியும் அதோடு அடைந்துபோனது. நல்ல வேளை, வங்கிப் பணம் தப்பியது.

அமைப்புகளில் சிம் பூட்டு என்று தேடினால் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டால், வேறு கைபேசியில் செருகியதும் சிம் பின் எண் கேட்கும். முதல் முறை பூட்டைப் போட, சிம் நிறுவனம் வைத்திருக்கும் பின் வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் பியுகே எண் கேட்கும், பூட்டிக்கொண்ட சிம்மைத் திறக்கும் எண் அது. அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம்மைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டில் கைபேசியைத் தேடித் தரும் கூகுளின் ஃபைண்ட் ஹப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், இலவசம். சைலண்டில் கிடந்தாலும் ஒலிக்க வைக்கும். எங்கள் வீட்டில் அது அதிகம் உழைப்பது தலையணைக்கு அடியில் தேடத்தான்.

*#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது கைபேசியின் அடையாள எண்ணை, இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையப் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளம் வழியாக அந்தக் கைபேசியையே முடக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வரும். அது பத்திரிகை அல்ல, கைபேசியில் திருட்டுச் செயலியை ஏற்றும் கோப்பு. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்கு அதைவிட நல்ல செயலி எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் செயலிகளைப் போடாதீர்கள். உங்களிடம் வந்து சேரும் அத்தனை விவரமும் அந்தச் செயலியை உருவாக்கியவனிடமும் போய்ச் சேரலாம். கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் பகிரும் வசதியே போதும். அப்பாவிடம் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்: "நீயும் உன்னுடையதைக் காட்டு." இப்போது இரவு ஒன்பதரைக்கு மேல் நான் அலுவலகத்தில் இருந்தால் அவரிடமிருந்து அழைப்பு வருகிறது.